ஒரு ஊனோ போர்டு, ஒரு ரயில்வே கேட்: பல மோட்டார், விளக்கு, சென்சார்களைச் சேர்த்து ஓட்டுவது எப்படி

"தனித்தனியா ஓட்டினா எல்லாமே ஓடுது மாமா. சேர்த்தாத்தான் பைத்தியம் பிடிக்குது."

என் அக்கா மகன் ஒரு பெரிய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது சொன்னது இது. பலகையில் 2 மீட்டர் நீளத்துக்கு நேர் தண்டவாளம், அதில் போய்த் திரும்பும் பொம்மை ரயில், நடுவில் ஒரு ரயில்வே கேட். ரயில் நெருங்கினால் சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுக்க வேண்டும், பஸ்ஸர் அடிக்க வேண்டும், இரண்டு பக்கக் கைகளும் மெல்ல இறங்க வேண்டும். ரயில் தாண்டியதும் ஏற வேண்டும். தண்டவாளத்தின் இரு முனையிலும் ரயில் தானாக நின்று திரும்ப வேண்டும். அறை இருட்டினால் தெருவிளக்கு எரிய வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஒரு ஆர்டுயினோ ஊனோ, அதாவது நாம் எழுதும் புரோகிராமின்படி விளக்கையும் மோட்டாரையும் ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு.

அவன் செய்திருந்தது எல்லோரும் முதலில் செய்வதுதான். சர்வோவுக்கு (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார், கேட்டின் கைகளை ஆட்டுவது இதுதான்) ஒரு உதாரண புரோகிராம், விளக்குக்கு ஒன்று, தூரம் அளக்க ஒன்று. எல்லாவற்றையும் வெட்டி ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தான். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒட்டினேன், அதனால் திட்டவில்லை.

புரோகிராமைத் திறப்பதற்கு முன்பே நான் பார்த்தது வயரை. சேர்த்தால் ஓடாத மாடல்களில் பாதி, கரண்ட் பிரச்சினையால்தான் ஓடுவதில்லை.

முதலில் கரண்ட்

போர்டில் இருக்கும் ஒரு பின், விளக்கு எரிப்பதற்கே மூச்சு வாங்கும். எங்கள் ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328பி சில்லுக்கு ஒரு பின்னின் உச்சவரம்பு 40 மில்லி ஆம்பியர். அது தாங்கும் எல்லைதானே தவிர, தினமும் ஓட்ட வேண்டிய அளவு இல்லை. 20-க்குள் வைத்துக்கொள்வதுதான் நல்லது. சில்லு முழுவதற்கும் சேர்த்து 200. கேட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு சிவப்பு எல்இடி, ஒரு பின்னுக்கு இரண்டு என்று பிரித்தோம். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட்டை 330 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் ஒன்றுக்கு 9 மில்லி ஆம்பியர் ஓடும். இரண்டு சேர்ந்தால் 18. சரி, பின்னுக்குள் அடங்கியது. ரெசிஸ்டர் எல்இடிக்கு ஒன்று வீதம் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டால் ஒரு விளக்கு பிரகாசமாகவும் இன்னொன்று மங்கலாகவும் எரியும்.

மோட்டார் விஷயம் வேறு. கையளவு சின்ன சர்வோ கூடச் சிக்கி நின்றுவிட்டால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு சர்வோவும் ஒரே நேரத்தில் கிளம்பும் அந்த முதல் கணம்தான் ஆபத்து. பையன் இரண்டையும் போர்டின் 5 வோல்ட் பின்னிலேயே சொருகியிருந்தான். யுஎஸ்பி வழியாக வரும் கரண்டுக்கு ஊனோவில் 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. தெருவிளக்குக்கு 8 எல்இடி கொண்ட டபிள்யூஎஸ்2812 பட்டை வேறு. முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 60 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் பட்டை மட்டுமே 480.

விளைவு இப்படி இருந்தது: கேட் இறங்கத் தொடங்கும், பத்து டிகிரி வந்ததும் துள்ளிப் போய் மேலே நிற்கும், மறுபடி இறங்கும், மறுபடி துள்ளும். அவன் சர்வோ கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது ஒன்று மாற்றியிருந்தான். சர்வோவுக்கு ஒன்றும் இல்லை. வோல்டேஜ் இறங்கியதும் சில்லு தன்னைத் தானே ரீசெட் செய்துகொண்டு செட்டப்பில் (போர்டு கிளம்பியதும் ஒரே ஒரு முறை ஓடும் பகுதி) இருந்து தொடங்குகிறது, செட்டப்பில் எழுதிய முதல் வேலை கேட்டைத் திற என்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: செட்டப்பின் முதல் வரியாக 13-ம் பின் விளக்கை மூன்று முறை சட்சட்டென மினுக்க விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மூன்று மினுக்கல் தெரிந்தால் போர்டு ரீசெட் ஆகிறது, புரோகிராமைக் குடைந்து பயனில்லை. இது செட்டப்பில் மட்டும்தான், அங்கே டிலே (இத்தனை நேரம் சும்மா நில் என்னும் கட்டளை) போட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் பிரித்த விதம்: சர்வோவுக்கும் எல்இடி பட்டைக்கும் தனியாக 5 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை. தண்டவாளத்துக்குத் தனியாக 6 வோல்ட். போர்டுக்கு யுஎஸ்பி. மூன்றின் கிரவுண்டும் (மைனஸ் வயர்) ஒரே இடத்தில் சேர வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். கிரவுண்ட் சேராவிட்டால், போர்டு அனுப்பும் சிக்னலை எதோடு ஒப்பிடுவது என்று சர்வோவுக்குத் தெரியாது, சாமி வந்தது போல ஆடும். சேர்ப்பதிலும் ஒரு முறை உண்டு. மோட்டாரின் கிரவுண்ட் வயர் சென்சார் வயர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. எல்லாம் சப்ளை முனையில் இருந்து தனித்தனிக் கிளையாகப் பிரியட்டும்.

அப்புறம், சர்வோ பக்கத்தில் 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் பார்த்து. ரயில் மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் ஒன்று, மோட்டாரின் உடம்பிலேயே சாலிடர் செய்தது. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் வரும் தீப்பொறி இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே அமுக்க வேண்டும். பிரெட்போர்டும் மெல்லிய ஜம்பர் வயரும் சிக்னலுக்குத்தான். ஒரு ஆம்பியரை அதில் ஓட்டினால் வயரிலேயே வோல்டேஜ் கரையும். மோட்டாருக்குத் தடித்த வயரும் ஸ்குரூ வைத்த டெர்மினலும் போடுங்கள்.

தண்டவாளத்துக்கு முதலில் எல்298என் டிரைவர் (போர்டின் சிக்னலைக் கேட்டு மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சில்லு) போட்டிருந்தான். பழைய வகை டிரான்சிஸ்டர் என்பதால் நடுவிலேயே சுமார் 2 வோல்ட்டை அது தின்றுவிடும், 6 வோல்ட் கொடுத்தால் ரயிலுக்குக் கிடைப்பது 4. ரயில் நடை பழகியது. மாஸ்ஃபெட் வைத்த டிபி6612 மாற்றியதும் ஓட ஆரம்பித்தது. வேறு எங்காவது டிரைவர் இல்லாமல் வெறும் டிரான்சிஸ்டர் வைத்து மோட்டாரோ ரிலேயோ ஓட்டினால், அதற்குக் குறுக்கே ஒரு டயோடு தலைகீழாகப் போட மறக்காதீர்கள். நிறுத்தும் கணத்தில் சுருள் திருப்பி அடிக்கும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

பின் கணக்கு

எதை எந்தப் பின்னில் சொருகுவது என்பதைக் காகிதத்தில் எழுதிய பிறகே வயரைத் தொடுங்கள். காரணம், பின்களுக்குப் பின்னால் டைமர்கள் (சில்லுக்குள் நேரம் எண்ணும் பாகங்கள்) இருக்கின்றன, லைப்ரரிகள் (நாம் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தப் புரோகிராம்கள்) சத்தமில்லாமல் அவற்றை எடுத்துக்கொள்கின்றன. ஊனோவில் மொத்தம் மூன்று டைமர்தான். டைமர் 0 நேரம் சொல்லும் மில்லிஸ் கணக்குக்குப் போகிறது. சர்வோ லைப்ரரியைச் சேர்த்த நிமிடமே டைமர் 1 போய்விடும், 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் (கரண்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து வெளிச்சத்தையோ வேகத்தையோ கூட்டிக் குறைப்பது) வேலை செய்யாது. பஸ்ஸரில் ஒலி எழுப்பும் டோன் கட்டளையை அழைத்தால் டைமர் 2 போகும், 3, 11 பின்களில் பிடபிள்யூஎம் கெடும். பஸ்ஸர் அடிக்கும்போதெல்லாம் 11-ல் இருந்த சிவப்பு விளக்கின் வெளிச்சம் ஏன் தாறுமாறாகிறது என்று பையன் இரண்டு நாள் தேடியிருக்கிறான். டோன் தேவைப்படாத, கரண்ட் கொடுத்தாலே கத்தும் பஸ்ஸரை மாற்றினோம். தீர்ந்தது.

கடைசியில் வந்த கணக்கு: 2, 3-ல் கேட்டின் இரு பக்கமும் உள்ள, ரயில் முன்னால் வந்தால் சொல்லும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார்கள். 4-ல் பட்டன். 5-ல் ரயில் வேகம், 7, 8-ல் திசை. 6, 11-ல் சிவப்பு விளக்குகள், எரிந்து அணைவது மென்மையாக இருக்க வேண்டும் என்பதால் பிடபிள்யூஎம் பின்கள். 9, 10-ல் சர்வோ, எப்படியும் அங்கே பிடபிள்யூஎம் இல்லை, சர்வோவுக்கு அது தேவையும் இல்லை. 12-ல் எல்இடி பட்டை. 13 போர்டின் நாடித்துடிப்பு பார்க்க. ஏ0-வில் வெளிச்சத்தை உணரும் எல்டிஆர், ஏ1, ஏ2-வில் ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக், ஏ3-ல் பஸ்ஸர். 0, 1 இரண்டையும் கணினியோடு பேச விட்டுவிட வேண்டும். மிச்சம் ஏ4, ஏ5. வேண்டுமென்றேதான் மிச்சம் வைத்தேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காத்திருக்கக் கூடாது

இப்போது புரோகிராம். ஊனோவில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கவே நடக்காது. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியரைப் போலத்தான் அது. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர்கள் போடும்வரை பக்கத்திலேயே நிற்காமல் மூன்றாம் வகுப்புக்குப் போவார், அங்கிருந்து ஐந்தாம் வகுப்புக்கு. யார் பக்கத்திலும் நிற்காததால்தான் எல்லா வகுப்பும் நடக்கிறது. டிலே கட்டளை என்பது ஒரு பையன் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அவன் தலைமாட்டிலேயே நிற்பது.

பையனின் புரோகிராமில் கூட்டிப் பார்த்தோம். விளக்கு மினுக்க 500 மில்லி செகண்ட் டிலே இரண்டு, ஆக 1000. கேட் மெல்ல இறங்க டிகிரிக்கு 15 மில்லி செகண்ட், 90 டிகிரிக்கு 1350. ஒரு சுற்று வர 2.35 நொடி. அந்தச் சுற்றில் சென்சாரை ஒரே ஒரு முறைதான் பார்க்கிறான். ரயிலின் நீளம் 18 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டர், அதாவது சென்சார் முன்னால் அது இருப்பது 1.2 நொடி. போர்டு கண்ணைத் திறக்கும் நேரத்தில் ரயில் அங்கே இருக்க வேண்டும் என்றால் பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். "ஒரு தடவை வேலை செய்யுது, ஒரு தடவை செய்யல" என்று அவன் புலம்பியதன் கணக்கு இதுதான்.

டிலேக்குப் பதில் மில்லிஸ். போர்டு கிளம்பியதில் இருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று அது சொல்லும். ஒவ்வொரு வேலையும் தான் கடைசியாக எப்போது செய்தோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் "என் நேரம் வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்கிறது. வரவில்லையென்றால் உடனே வெளியே வந்துவிடுகிறது. புரிவதற்காகத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன், ஆர்டுயினோவின் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

இப்போது = மில்லிஸ்()
(இப்போது − விளக்கு_கடைசி >= 500) என்றால்
    விளக்கு_கடைசி = இப்போது
    எரிவதை அணை, அணைந்ததை எரி

லூப்பில் (ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) இருப்பது இவ்வளவுதான்:

சென்சார்_பார்(இப்போது)
கேட்_நடத்து(இப்போது)
விளக்கு_மினுக்கு(இப்போது)
ரயில்_ஓட்டு(இப்போது)
தெருவிளக்கு(இப்போது)

கேட்டுக்கும் அதே பேச்சுதான். 90 டிகிரியை ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது. 15 மில்லி செகண்ட் ஆயிற்றா, ஒரு டிகிரி நகர்த்து, வெளியே வா. பார்ப்பவர் கண்ணுக்குக் கேட் தொடர்ச்சியாக இறங்குகிறது, விளக்கும் நிற்காமல் மினுக்குகிறது, நடுவில் ஆயிரம் முறை சென்சாரும் பார்க்கப்படுகிறது.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ஒன்றை எங்கள் பலகையில் கண்ணாலேயே பார்த்தோம். எல்லாம் அருமையாக ஓடியது. அரை நிமிடம் கழித்து சிவப்பு விளக்குகள் மினுக்குவதை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் மங்கலாக, ஆடாமல் அசையாமல் எரிந்தன. "கரண்ட் கம்மியாயிருச்சா மாமா?" ரீசெட் பட்டனை அமுக்கினால் மறுபடி அரை நிமிடம் நன்றாக இருக்கும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 32 நொடி தாண்டி 33 ஆவதற்குள். அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விளக்கு_கடைசியை அவன் வெறும் இன்ட் வகையாக அறிவித்திருந்தான். ஊனோவில் இன்ட் 16 பிட், 32,767-க்கு மேல் போனால் கவிழ்ந்து மைனஸுக்குப் போய்விடும். அதன் பிறகு கழித்துப் பார்த்தால் எப்போதும் 500-ஐ விடப் பெரிய எண்தான் வரும், நிபந்தனை ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாகும், விளக்கு நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும். கண்ணுக்கு அது அரை வெளிச்சம். நேரத்தை வைக்கும் வேரியபிள் எல்லாம் அன்சைன்ட் லாங் (மைனஸ் இல்லாத 32 பிட் எண்) வகையாக இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளிக்கு 60 * 1000 என்று எழுதினாலும் இதே கவிழ்ப்புதான், விடை −5536 என்று வரும். எண்ணின் வாலில் யூஎல் என்ற இரண்டு எழுத்தை ஒட்டினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, மில்லிஸ் சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்று பயமுறுத்துவார்கள். மேலே எழுதியது போல "இப்போது − கடைசி" என்று கழித்துப் பார்த்தால் அந்தத் திருப்பத்திலும் கணக்கு பிசகாது. "கடைசி + 500-ஐ இப்போது தாண்டிவிட்டதா" என்று கூட்டிப் பார்த்தால் பிசகும். மாடலுக்கு இது பெரிய விஷயமில்லை, மாதக்கணக்கில் ஓட வேண்டிய ஒன்றைச் செய்தால் நினைவிருக்கட்டும்.

கேட்டுக்கு நிலை

நேரம் மட்டும் போதாது. கேட்டுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிய வேண்டும். ஐந்து நிலை வைத்தோம்: திறந்திருக்கிறது, எச்சரிக்கிறது, இறங்குகிறது, மூடியிருக்கிறது, ஏறுகிறது. ஒரு வேரியபிளில் இந்த ஐந்தில் ஒன்று இருக்கும். கேட்_நடத்து அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். திறந்திருக்கும்போது எந்தப் பக்க சென்சாரில் ரயில் தெரிந்தாலும் எச்சரிக்கைக்குப் போ, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள். எச்சரிக்கையில் 1500 மில்லி செகண்ட் ஆனால் இறங்கு. கை 0 டிகிரி தொட்டால் மூடியது. மறுபக்க சென்சாரை ரயில் தாண்டினால் ஏறு. விளக்கும் பஸ்ஸரும் தனியாக எதையும் யோசிப்பதில்லை. கேட் திறந்த நிலையில் இல்லையென்றால் மினுக்கு, அவ்வளவுதான்.

சென்சார் கேட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நொடிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ரயில் கேட்டுக்கு வர 3.3 நொடி. எச்சரிக்கை 1.5, இறங்க 1.35, ஆக 2.85. அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிச்சம். ரயில் வேகத்தைக் கூட்ட ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

"தாண்டினால்" என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், அதுதான் ஒரு மாலை முழுவதையும் தின்றது. இன்ஜின் போனதும், முதல் பெட்டி வருவதற்குள் கேட் ஏறத் தொடங்கியது. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி சென்சாரைக் கடக்க 67 மில்லி செகண்ட். டிலே இருந்த காலத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது போர்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பார்க்கிறது, எனவே இடைவெளியையும் பார்த்துவிடுகிறது. தொடர்ந்து 300 மில்லி செகண்ட் காலியாக இருந்தால்தான் ரயில் போய்விட்டது என்று எடுத்துக்கொள் என்று மாற்றினோம். பட்டனுக்கும் இதே வைத்தியம்தான், அங்கே 30 மில்லி செகண்ட் போதும். அமுக்கும்போது உள்ளே இருக்கும் தகடு சில தடவை குதிக்கும்.

ரயிலுக்கும் நிலை உண்டு: முன்னே, நிற்கிறது, பின்னே. முன்னேயிலிருந்து நேராகப் பின்னேக்குத் தாவக் கூடாது. ஓடும் மோட்டாரைச் சட்டென்று திருப்பினால் கிளம்பும்போது இழுப்பதைவிட அதிகமாக இழுக்கும். நடுவில் ஒரு நொடி நிற்கட்டும், பிறகு வேகம் 30 மில்லி செகண்டுக்கு ஐந்து ஐந்தாக ஏறட்டும்.

தாமதமாகப் பேசும் சென்சார்கள்

அல்ட்ராசோனிக் தண்டவாளத்தின் ஒரு முனையில் உட்கார்ந்து ரயிலின் முகத்தைப் பார்க்கிறது. முகத்தில் ஒரு தட்டையான அட்டை ஒட்டினோம், இல்லாவிட்டால் உருண்டை மூக்கில் பட்ட ஒலி எங்கோ சிதறிப் போகும். 15 சென்டிமீட்டருக்குள் வந்தால் நில், 170-ஐத் தாண்டினாலும் நில். ஒரே சென்சார் இரண்டு முனைக்கும் காவல்.

ஆனால் இதைப் படிக்கும் பல்ஸ்இன் கட்டளை ஒரு மாறுவேடமிட்ட டிலே. சிக்னல் வராவிட்டால் இயல்பாக 1 நொடி வரை காத்துக் கிடக்கும். எதிரொலி போய்வர சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ செகண்ட், 2 மீட்டருக்கு 11,600. எனவே மூன்றாவது மதிப்பாக 14,000 கொடுத்து, அதற்கு மேல் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டோம். 60 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் அளக்கிறோம், அதைவிட அடிக்கடி அளந்தால் போன முறை அனுப்பிய ஒலி இந்த முறை வந்து குழப்பும். அந்த 14 மில்லி செகண்ட்கூட நிற்காமல் இன்டரப்ட் (சிக்னல் வந்ததும் ஓடும் வேலையைக் குறுக்கிட்டு ஒரு சின்ன வேலையைச் செய்ய வைக்கும் வசதி) வைத்து அளக்கலாம், நான் செய்யவில்லை. அந்த நேரத்தில் ரயில் நகர்வது 2 மில்லிமீட்டர். விட்டுவிட்டேன்.

வெப்பநிலை சென்சார் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஎச்டி22-ஐ 2 நொடிக்கு ஒரு முறைக்கு மேல் கேட்காதீர்கள், டிஎஸ்18பி20 உச்ச நுணுக்கத்தில் ஒரு அளவுக்கு 750 மில்லி செகண்ட் எடுக்கும். "அளக்கத் தொடங்கு" என்று சொல்லிவிட்டு, காத்திருக்காமல் வேறு வேலை பார்த்துவிட்டு, நேரம் ஆனதும் வந்து விடையை வாங்கிக்கொள்ளும் வசதி அதன் லைப்ரரியில் இருக்கிறது. ஸ்டெப்பர் மோட்டாரும் இப்படித்தான். கூடவே வரும் ஸ்டெப்பர் லைப்ரரி, சொன்ன அடிகளை எடுத்து முடிக்கும்வரை யாரையும் விடாது. ஆக்சல்ஸ்டெப்பர் லைப்ரரியில் ரன் கட்டளையை ஒவ்வொரு சுற்றிலும் அழைத்தால், நேரம் வந்திருந்தால் ஒரு அடி எடுத்துவிட்டு உடனே திரும்பும்.

எல்டிஆர் ஒரு தடவை சிரிக்க வைத்தது. அறை விளக்கை அணைத்ததும் தெருவிளக்கு எரிந்தது, உடனே அணைந்தது, எரிந்தது, அணைந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் எல்டிஆர் மேலேயே விழுகிறது! விடிந்துவிட்டது என்று அது அணைக்கிறது. ஒரு சின்னக் கறுப்புக் குழாய்க்குள் எல்டிஆரை வைத்து மேலே பார்க்கத் திருப்பினோம். எல்டிஆர் தரும் எண்ணுக்கு, எரிவதற்கு 300, அணைவதற்கு 380 என்று இரண்டு எல்லை வைத்தோம். நடுவில் இருந்தால் இருக்கிறபடியே இருக்கட்டும்.

கேட் ஏன் சிலிர்க்கிறது

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, தெருவிளக்கு எரியும் போதெல்லாம் மூடிய கேட்டின் கைகள் வெடுக் வெடுக்கென்று சிலிர்த்தன. கரண்ட் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன், சப்ளையை அளந்தால் 5 வோல்ட் அசையவில்லை.

காரணம் எல்இடி பட்டை. அதற்குத் தகவல் அனுப்பும் சிக்னலில் நேரம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால், அனுப்பி முடியும்வரை லைப்ரரி எல்லா இன்டரப்ட்டையும் அணைத்துவிடும். ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோ செகண்ட், எட்டுக்கு 240. சர்வோ லைப்ரரி தன் பல்ஸை இன்டரப்ட்டை நம்பித்தான் முடிக்கிறது. பல்ஸின் அகலத்தில்தான் சர்வோவின் கோணமே இருக்கிறது, டிகிரிக்கு ஏறத்தாழ 10 மைக்ரோ செகண்ட். 240 தள்ளிப்போனால் 20 டிகிரிக்கு மேல் தள்ளிய கட்டளை போகிறது. பையன் வெளிச்சம் மாறாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் பட்டைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான்.

இரண்டு திருத்தம். விளக்கின் நிலை மாறும்போது மட்டும், அதுவும் கேட் நகராத நேரத்தில் மட்டும் அனுப்பு. கேட் தன் இடத்துக்கு வந்ததும் சர்வோவை டிட்டாச் செய்துவிடு, அதாவது பல்ஸ் அனுப்புவதை நிறுத்திவிடு. அட்டைக் கை இலேசானது, பல்சக்கரத்தின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் எல்இடி வைப்பவர்களுக்கு இது போதாது. 100 எல்இடிக்கு 3 மில்லி செகண்ட், அதற்குள் மில்லிஸ் கணக்கே சில துடிப்பைத் தவறவிடும். அங்கே சர்வோவுக்குத் தனிச் சில்லு வைப்பது நல்ல வழி.

எது மந்தமாக்குகிறது என்று தெரிய, லூப் நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி நொடிக்கு ஒரு முறை திரையில் காட்ட வைத்தேன். கூடவே மிக நீண்ட ஒரு சுற்று எத்தனை மைக்ரோ செகண்ட் என்பதையும். சராசரி ஏமாற்றும், இந்த உச்ச எண் ஏமாற்றாது. ஒவ்வொரு பாகத்தையும் சேர்க்கும்போது இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒருநாள் சுற்று திடீரென்று நொடிக்கு இருபத்துச் சொச்சத்துக்கு விழுந்தது. பையன் பிழை தேட ஒவ்வொரு சுற்றிலும் நாற்பது எழுத்து அச்சிட்டிருக்கிறான். 9600 வேகத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு மில்லி செகண்ட் ஆகும், 64 எழுத்துக்கான இடம் நிரம்பியதும் மொத்தப் போர்டும் வரிசையில் நிற்கும். வேகத்தை 115200 ஆக்கி, அச்சிடுவதை நிலை மாறும்போது மட்டும் என்று வைத்தோம்.

இன்டரப்ட் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சக்கரம் சுற்றுவதை எண்ணுவது போல, லூப்புக்குள் தப்பிவிடும் அளவுக்கு வேகமான சிக்னல் இருந்தால் மட்டும் போடுங்கள். உள்ளே ஒரு எண்ணைக் கூட்டுவதோடு நிறுத்துங்கள், அந்த வேரியபிளுக்கு வோலட்டைல் என்று முன்னால் எழுதுங்கள், ஒரு பைட்டைவிடப் பெரியது என்றால் படிக்கும் கணத்தில் இன்டரப்ட்டை அணைத்துவிட்டுப் படியுங்கள். "இரண்டு கோர் இருக்கிற ஈஎஸ்பி32 வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே" என்பார்கள். வேலைகளைத் தனித்தனி டாஸ்க்காகப் பிரிக்கலாம், உண்மைதான். ஆனால் சர்வோ இழுக்கும் கரண்ட்டுக்கு எத்தனை கோர் என்பது தெரியாது, துள்ளுகிற கேட் அங்கேயும் துள்ளும். அதன் பின்கள் 3.3 வோல்ட் வேறு. 5 வோல்ட் அல்ட்ராசோனிக்கின் எக்கோ பின்னை (எதிரொலி வந்ததைச் சொல்லும் பின்) அப்படியே சொருகக் கூடாது.

போன வாரம் பையன் மறுபடி வந்தான். கேட்டுக்கு இரு பக்கமும் கை தூக்கும் சிக்னல் கம்பம் வேண்டுமாம். கம்பத்துக்கு ஒரு சர்வோ, ஒரு சிவப்பு, ஒரு பச்சை, இரண்டு கம்பம். ஆறு பின் வேண்டும், இருப்பதோ ஏ4, ஏ5. அந்த இரண்டும் ஐ2சி வயர்கள், இரண்டே வயரில் வேறு சில்லுகளோடு பேசும் வழி. சர்வோவையும் எல்இடியையும் ஓட்டும் பிசிஏ9685 போர்டு ஒன்றை அதில் மாட்டினோம். பதினாறு வழி இருக்கிறது, பல்ஸையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. கேட்டின் பழைய இரண்டு சர்வோவையும் அதற்கே மாற்றிவிட்டோம், சர்வோ லைப்ரரியை எடுத்துவிட்டதில் டைமர் 1 திரும்பக் கிடைத்தது, 9, 10 பின்கள் காலி. லூப்பில் புதிதாகச் சேர்ந்தது ஒரே வரி, சிக்னல்_காட்டு(இப்போது). மிக நீண்ட சுற்று 14-லிருந்து 15 மில்லி செகண்ட் ஆனது. அவன் அதற்குள் அந்த இரண்டு காலிப் பின்னில் எதைச் சொருகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.